தண்ணீரில் வைத்த செடித்துண்டு வேர் விடவில்லையா? அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்

மணி பிளான்ட், கோலியஸ், சிங்கோனியம், புதினா, செம்பருத்தி என்று எதைத் தண்ணீரில் வைத்தாலும், அது கெட்டுப்போவதற்கு ஏழெட்டு வழிதான் இருக்கிறது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிற அக்கம்பக்கத்தாருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு போகிற காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். பலர் நேரே கடைக்குப் போய், வேர் விடத் தூண்டுகிற வேர்த்தூள் வாங்கிவிடுகிறார்கள். கோளாறோ பாட்டிலிலும் குழாயிலும் ஜன்னலிலும் இருக்கும். புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். துண்டை வெளியே எடுத்து, வெட்டிய முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிதானமாகக் காரணம் தேடலாம். அமுங்கினால் நேரே அழுகல் பகுதிக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

## துண்டு பச்சையாகத்தான் இருக்கிறது, வேர் மட்டும் வரவில்லை

காலண்டரைப் பாருங்கள். கோலியஸும் புதினாவும் ஒரு வாரம், பத்து நாளில் வேர் காட்டிவிடும். மணி பிளான்டுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். செம்பருத்திக் குச்சி ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பாம்புக் கற்றாழை என்று சொல்கிற சான்சவேரியாவின் இலைத்துண்டு இரண்டு மாதம்கூட இழுக்கும். இசட்இசட் செடி இன்னும் மோசம், அதற்கு மாதக்கணக்கு. மார்கழி, தை மாதங்களில் எல்லாமே மந்தமாகிவிடும். காலம் ஆகவில்லை என்றால் கோளாறே இல்லை. தினமும் உருவி உருவிப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

காலம் தாண்டிவிட்டதா? அப்படியானால் கணுவைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம்தான் கணு. மணி பிளான்டில் அந்த இடத்தில் பழுப்பாக ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டிருக்கும். வேர் அங்கிருந்துதான் கிளம்பும். கணு தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்றால் மட்டத்தை உயர்த்துங்கள், வேலை முடிந்தது. கணுவே இல்லாமல் இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள வெறும் தண்டை வெட்டியிருந்தால் வேறு துண்டு வெட்டுங்கள். இந்த முறை கணுவுக்கு அரை செ.மீ. கீழே.

இலை இல்லாத குச்சியா? குரோட்டன், செம்பருத்திக் குச்சிகளைத் தலைகீழாக வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இலை உதிர்ந்த தழும்புக்கு மேல்தான் மொட்டு உட்கார்ந்திருக்கும். தழும்புக்குக் கீழே மொட்டு தெரிந்தால் குச்சி தலைகீழாக நிற்கிறது என்று அர்த்தம். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது வெளிச்சம். சமையலறை மூலை, டிவி ஸ்டாண்ட், பாத்ரூம் அலமாரி எல்லாம் பார்க்க அழகுதான், வேருக்கு உதவாது. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் வேண்டும். நேர் வெயிலும் கூடாது. கிழக்கு ஜன்னலில் இருந்து இரண்டடி உள்ளே வைத்தால் சரியாக இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் குச்சியின் வயதில் பிரச்சினை. பழுப்பேறி மரமாகிவிட்ட கிளை தண்ணீரில் எளிதில் மசியாது. ரொம்பக் கொழுந்தாக இருந்தால் அழுகும். பச்சையும் பழுப்பும் கலந்த, பென்சில் கனமுள்ள கிளைதான் தோது. காகிதப்பூ, ரோஜா, மல்லி ஆகியவற்றைத் தண்ணீரில் வைத்து நாளைப் போக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவற்றை மண்ணில் பதியம் போடுங்கள். ரப்பர் செடி, பெரிய குரோட்டன் மாதிரி ஒரே ஒரு நல்ல கிளைதான் இருக்கிறது, அதை இழக்க மனமில்லை என்றால் வெட்டுவதற்கு முன்பே நர்சரி ஆளைக் கூப்பிட்டு விண்பதியம் கட்டச் சொல்லுங்கள். தாய்ச்செடியிலேயே வேர் வந்த பிறகு வெட்டலாம்.

## அடி கறுத்துக் கொழகொழத்துப் போகிறது, தண்ணீர் நாறுகிறது

காரணம் தேடுவதற்கு முன் துண்டைக் காப்பாற்றுங்கள். புது பிளேடால், கறுத்த பகுதிக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். முகம் முழுக்க ஒரே வெளிர்பச்சையாகத் தெரிகிற வரை ஏறிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மேலே ஒரு கணுவாவது மிஞ்சினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பாட்டிலைச் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். துண்டை அரைமணி நேரம் நிழலில் கிடத்திவிட்டுப் புதுத் தண்ணீரில் வையுங்கள். நாலைந்து செ.மீ. தண்ணீர் போதும், கழுத்து வரை நிரப்ப வேண்டாம்.

இனி, ஏன் அழுகியது என்று பார்ப்போம்.

தண்ணீருக்குள் இலை மூழ்கியிருந்ததா? முக்கால்வாசி கேஸ் இதுதான். மூழ்கிய இலை முதலில் அழுகும், அடுத்தது தண்டு. மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது.

தண்ணீரை மாற்றினீர்களா, ஊற்றி நிரப்பினீர்களா? இரண்டும் ஒன்றல்ல. குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் பழைய அழுக்கு அங்கேயேதான் இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி மாற்றுங்கள். கத்திரி வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஒரே பாட்டிலில் எத்தனை துண்டு? ஒன்று அழுகினால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வாய் அகன்ற பாட்டிலில் இரண்டு மூன்று, குறுகிய பாட்டிலில் ஒன்று. இதற்கு மேல் வேண்டாம்.

வெட்டு நசுங்கியிருக்கிறதா? மழுங்கிய கத்தரிக்கோலும் அரிவாள்மனையும் தண்டை வெட்டுவதில்லை, நசுக்குகின்றன. கையால் ஒடித்தது அதைவிட மோசம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்த பிறகு, முறிந்து தொங்கிய செம்பருத்தியையும் குரோட்டனையும் எங்கள் தெருவில் பலர் அப்படியே பக்கெட்டில் செருகி வைத்தார்கள். கிழிந்த முனையோடு வைத்தவை நாறிப்போயின. முனையைச் சீவி வைத்தவற்றில் கொஞ்சம் தேறின.

அப்புறம் சூடு. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வேர் வராததற்கு இதைத்தான் முதலில் கேட்பேன். மதியம் மூன்று மணிக்குப் பாட்டிலைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்த இடம் சரியில்லை. மேற்கு ஜன்னல், பிரிட்ஜின் மேல்பக்கம், கேஸ் அடுப்புக்கு அருகில் எல்லாம் வேண்டாம். மொட்டை மாடித் தொட்டியில் இருந்து மதியம் வருகிற தண்ணீர் கையைச் சுடும், அதைப் பிடித்து ஊற்றக் கூடாது. காலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருந்தால் மண்பானை வைக்கிற மூலை இதற்கு நல்ல இடம்.

கடைசியாக, செடியே தண்ணீருக்கு ஒத்துவராததா? சோற்றுக் கற்றாழை, கள்ளி, அடீனியம் இவற்றுக்கு முனை காய்ந்து ஆறிய பிறகு மணல் கலந்த மண்தான் சரி. சான்சவேரியா இலையைத் தண்ணீரில் வைக்கலாம், ஆனால் வெட்டியபின் ஓரிரு நாள் காயவிட வேண்டும்.

அடுப்புக்கரித் துண்டு போட்டால் நாற்றம் கொஞ்சம் குறையும், அழுகல் நிற்காது. வேர்த்தூள் மண்ணில் நடுகிற குச்சிக்கானது. தண்ணீரில் போட்டால் கரைந்து போய்விடும், காசும்தான்.

எல்லாம் சுத்தமாகச் செய்தும் ஒரே செடியின் துண்டுகள் மட்டும் தொடர்ந்து அழுகுகின்றன, தாய்ச்செடியின் தண்டிலும் கறுப்புத் தடம் தெரிகிறது என்றால் நோய் தாய்ச்செடியில் இருக்கிறது. இனி வெட்டாதீர்கள். ஒரு துண்டைக் கவரில் போட்டு, படமும் எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தாருக்கு விருத்தாசலத்தில்.

## இலை மஞ்சளாகிறது, அல்லது ஓரம் கருகுகிறது

அடியில் இருக்கிற ஒரே ஒரு இலை மட்டும் மஞ்சளா? விடுங்கள். துண்டு தன் பழைய இலையைக் கைவிட்டுப் புது வேருக்குச் செலவழிக்கிறது. கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

வேர் நன்றாக வந்து இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீரிலேயே இருக்கிறது, இப்போது வரிசையாக இலைகள் வெளிறுகின்றன என்றால் பசி. மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரிலேயே வளர்க்க ஆசை என்றால் திரவ உரத்தை டப்பாவில் எழுதியிருக்கிற அளவில் கால் பங்கு கலந்து, மாதம் ஒருமுறை கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் பாசிக்குத்தான் விருந்து.

மஞ்சளாகாமல் ஓரம் மட்டும் பழுப்பாகி நொறுங்குகிறதா? பாட்டிலின் உள்பக்கம், தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அது உப்பு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது, போர் தண்ணீர் கரிக்கும். குடிக்க முடியாத தண்ணீர் துண்டுக்கும் ஆகாது.

எந்தத் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். போர் தண்ணீர் என்றால் நகராட்சிக் குழாய்க்கு மாறுங்கள். நகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் ஒரு இரவு திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். தொட்டி கழுவிய வாரத்தில் இது அவசியம். ஆர்ஓ மெஷினில் வடிகட்டி வருகிற நல்ல தண்ணீர் தாராளமாக ஆகும். ஆனால் அதன் கழிவுக் குழாயில் வருகிற தண்ணீரை "வீணாகப் போகிறதே" என்று பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள் பாருங்கள், அதில்தான் பிரித்தெடுத்த உப்பு முழுக்க இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்டில் கடினத் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் போட்டிருந்தால் தண்ணீர் சோப்பு நுரைக்க நன்றாக இருக்கும், செடிக்கு ஆகாது. கடினத்தன்மைக்குப் பதிலாக அதில் சோடியம் ஏறியிருக்கும். ஏசியில் வடிகிற தண்ணீர் நல்லது, குழாய் சுத்தமாக இருந்தால். எல்லாவற்றையும்விட மழைத்தண்ணீர் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையில் மாடி கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் பிடித்து இறுக்கமாக மூடி வையுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரே கொடியில் இருந்து இரண்டு துண்டு, இரண்டு பாட்டில், ஒரே ஜன்னல். ஒன்றில் வீட்டுத் தண்ணீர், மற்றதில் ஆர்ஓ அல்லது மழைநீர். மூன்று வாரத்தில் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற டிடிஎஸ் பேனாவைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியே இல்லாதபோது 2000 வரையிலும் சொல்கிறது. துண்டுக்கு நான் 500க்குள் இருக்கிற தண்ணீரைத்தான் எடுப்பேன். வீட்டுத் தோட்டம் முழுக்கவே ஓரம் கருகுகிறது என்றால் பாட்டிலோடு நிற்காதீர்கள். போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது.

குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காற்றே உப்பைக் கொண்டுவந்து இலையில் பூசும். இலையை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

## வைத்த அன்றே இலை தொங்கிவிட்டது

பயப்பட வேண்டாம். கோலியஸும் புதினாவும் இப்படித்தான் நாடகமாடும், மறுநாள் காலையில் எழுந்து நிற்கும். எழவில்லை என்றால் இலை அதிகம். மேலே இரண்டு மூன்று இலை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள், பெரிய இலையைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ஃபேன் காற்றும் ஏசிக் காற்றும் நேரே படாத இடத்துக்கு மாற்றுங்கள். பூவோ மொட்டோ இருந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள்.

## தண்ணீர் பச்சையாகிறது

பாசி. துண்டைக் கொல்லாது, பாட்டிலைத்தான் அசிங்கப்படுத்தும். கழுவுங்கள், நேர் வெயிலில் இருந்து எடுங்கள், பாட்டிலைச் சுற்றிப் பழுப்புத் தாள் ஒட்டுங்கள். இல்லையென்றால் பழுப்பு நிறப் பாட்டிலே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமா என்ன? லேபிளை மட்டும் ஊறவைத்து உரித்துவிடுங்கள், வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் கண்ணில் படும்.

## தண்டில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது

இது மூன்றில் ஒன்று. தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

தண்ணீருக்குள் இருக்கிற தண்டில் கெட்டியாக, சொரசொரப்பாக, துடைத்தாலும் போகாத வெள்ளைப் புள்ளிகளா? நல்ல சகுனம். தண்டு மூச்சுவிடுகிற துளைகள் தண்ணீரில் ஊறிப் பருத்திருக்கின்றன. செம்பருத்தியில் அச்சு அசலாக இப்படித்தான் வரும். பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

வழவழப்பாக, துடைத்தால் கையோடு வருகிறதா? அழுகலின் ஆரம்பம். துண்டைக் குழாயடியில் காட்டிக் கழுவுங்கள், தண்ணீரையும் பாட்டிலையும் மாற்றுங்கள்.

தண்ணீருக்கு மேலே, இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா? குச்சியால் குத்தினால் உள்ளே இளஞ்சிவப்பாக ஈரம் கசியும். மாவுப்பூச்சி. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி துடையுங்கள். தாய்ச்செடியைக் கட்டாயம் பாருங்கள், அங்கே இன்னும் அதிகமாக இருக்கும். மற்ற பாட்டில்களில் இருந்து இதைத் தள்ளி வையுங்கள். தாய்ச்செடி முழுக்கப் பரவிவிட்டால் துண்டு எடுக்கிற வேலையை ஒத்திவைத்துவிட்டு நர்சரியில் மருந்து கேளுங்கள்.

## பாட்டிலுக்குள் புழு நெளிகிறது

கொசுப்புழு. செடிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் ஆபத்து. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975 முதல் புதுச்சேரி இந்திரா நகரில் ஒரு மத்திய அரசு மையம் இயங்குகிற ஊரில் இருந்துகொண்டு, மணி பிளான்ட் பாட்டிலில் கொசு வளர்ப்பது நன்றாகவா இருக்கிறது? வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்க்கிற இடங்களில் பிரிட்ஜின் பின்தட்டும் இந்தப் பாட்டிலும் உண்டு.

தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். அதோடு நிறுத்தினால் மறு வாரமே புழு வரும். முட்டை தண்ணீரில் மட்டும் இல்லை, மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே உள்சுவரைப் பிரஷால் தேயுங்கள். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டிலின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிவிட்டுப் போங்கள். மண்ணெண்ணெய், பினாயில் எல்லாம் ஊற்றாதீர்கள், துண்டு செத்துவிடும். பாட்டிலைச் சுத்தம் செய்த பிறகும் வீட்டுக்குள் பகலில் கடிக்கிற கொசு குறையவில்லை என்றால் மூலம் வேறெங்கோ இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், வந்து பார்ப்பார்கள்.

## வேர் ஜோராக வந்தது, மண்ணில் வைத்ததும் வாடிவிட்டது

இதுதான் மனதை நோகடிக்கிற கட்டம், "அக்கா, இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

வேர் எவ்வளவு நீளம் இருந்தது? மூன்றிலிருந்து ஐந்து செ.மீ., பக்கவேர் ஒன்றிரண்டு கிளம்பியிருக்கும்போது மாற்றுவதுதான் சரி. அதற்கு முன்னால் மாற்றினால் தாங்காது. பாட்டில் முழுக்கச் சுருண்டு கொத்தாகிப்போன வேரும் மண்ணோடு சீக்கிரம் ஒட்டாது. தண்ணீரிலேயே பழகிய வேர் அது.

மாற்றிய பிறகு எப்படித் தண்ணீர் விட்டீர்கள்? மற்ற செடிகளுக்கு விடுகிற மாதிரி மண் காய்ந்தபின் விட்டிருந்தால் அதுதான் காரணம். முதல் இரண்டு வாரம் மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் ஓடி வெளியேற வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் இடைவெளியை மெல்லக் கூட்டுங்கள். கிழிந்து போகாத பாலிதீன் கவரைத் தளர்வாகக் கவிழ்த்து, நிழலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். மாலையில் மாற்றுங்கள். கத்திரி வெயிலில் மாற்றாதீர்கள், நாலு மழை பெய்யட்டும்.

மண் எது? கடற்கரை மணலை அள்ளிவந்து கலந்திருந்தால் அதிலேயே உப்பு இருக்கிறது, மேலே சொன்ன கருகல் இங்கேயும் வரும். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கட்டியிலும் உப்பு இருக்கலாம். பக்கெட்டில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். தனிச் செம்மண் இறுகிவிடும். செம்மண், மட்கிய தொழுவுரம், கோகோபீட் சமபங்கு போட்டால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் போதும். உரத்தை முதல் மாதம் தொடாதீர்கள்.

வாடியதைக் காப்பாற்ற வேண்டுமா? மெல்ல வெளியே எடுத்துக் கழுவுங்கள். வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் மறுபடி தண்ணீரில் வைத்துவிடலாம், தேறிவிடும். கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தால் வேரை வெட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். விலை கொடுத்து வாங்கிய மான்ஸ்டெரா, வெள்ளை வரிகள் ஓடுகிற ரகங்கள் என்றால் இந்த மாற்றத்தை மட்டும் நர்சரியில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். தொட்டி, மண், கூலி எல்லாம் சேர்த்தாலும் இன்னொரு செடி வாங்குகிற செலவு வராது.

## வேர் இருக்கிறது, இலையும் பச்சை, ஆனால் புதுத் துளிரே வரவில்லை

மூன்று நான்கு மாதம் ஆகியும் அப்படியே நிற்கிறதா? வெளிச்சத்தைக் கூட்டி ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் காம்பின் அடியைப் பாருங்கள். மணி பிளான்டின் தனி இலையைக் காம்போடு கிள்ளி வைத்திருந்தால் அதற்கு வேர் வரலாம், பல மாதம் பச்சையாகவும் இருக்கலாம், கொடி மட்டும் வராது. துளிர் விடுவதற்கான மொட்டு கணுவோடு தாய்ச்செடியிலேயே தங்கிவிட்டது. இதை எந்த நர்சரிக்காரராலும் சரிசெய்ய முடியாது. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கணுவோடு வேறொன்று வெட்டுங்கள்.

சான்சவேரியா இதற்கு விலக்கு. அதன் இலைத்துண்டு வேர்விட்டு, அடியில் இருந்து குட்டியும் போடும். மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தை வைத்திருந்தால் மட்டும், வருகிற குட்டி மஞ்சள் ஓரம் இல்லாமல் வெறும் பச்சையாகத்தான் இருக்கும். ஓரம் வேண்டுமென்றால் தாய்ச்செடியைத் தொட்டியில் இருந்து எடுத்து, கிழங்கோடு பிரித்து நடுங்கள்.